முதல் முயற்சியின் எடை

வணக்கம் ஐயா,

வலுதூக்குதல் (பவர்லிஃப்டிங்) பற்றி நீங்கள் எழுதிவரும் குறிப்புகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். ஐந்து ஆண்டுகள் நானும் போட்டிகளில் தூக்கியவன். பயிற்சியாளனாக இது எனக்கு இரண்டாம் ஆண்டு. என்னிடம் பயிற்சி பெறும் 24 வயது வீராங்கனை ஒருவர் 63 கிலோ பிரிவில் முதன்முறையாகத் தேசியப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறார். போட்டிக்கு இன்னும் ஆறு வாரங்கள் உள்ளன. சென்ற போட்டியில் அவர் பாரைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் 142.5 கிலோ எடுத்தார் (இரண்டு வெள்ளை விளக்கு, ஒரு சிவப்பு). அதன்பின் ஜிம்மில் ஒருமுறை 150 கிலோ எடுத்திருக்கிறார். ஆனால் சென்ற சனிக்கிழமை அதே 150 கிலோவோடு கீழே போனவரால் எழ முடியவில்லை. அன்றிலிருந்து அவருக்கு நிம்மதியில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் 150-ஐ முயன்று பார்க்க வேண்டும், அதை எடுத்துவிட்டால்தான் தைரியமாக மேடையேற முடியும் என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் மறுப்பதற்கு உரிய காரணத்தைச் சொல்லவும் தெரியவில்லை.

இரண்டாவது, உடல் எடை. இப்போது 64.6 கிலோ இருக்கிறார். கடைசி இரண்டு நாட்களில் தண்ணீரைக் குறைத்து இறக்கிவிடலாம் என்று உடன் பயிற்சி செய்பவர்கள் சொல்கிறார்கள்.

மூன்றாவது கேள்வி சற்றுச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். மேடைக்கு அனுப்பும் கடைசி நிமிடத்தில் அவரிடம் என்ன சொல்ல வேண்டும்? சென்ற முறை நான் பேசிய பேச்சு எங்கள் இருவரையும் பதற்றப்படுத்தியதுதான் மிச்சம்.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுக் கடந்துபோன செய்தியில்தான் என் கண் நின்றது. எடுக்க முடியாமல்போன 150 கிலோவைவிட, எடுத்துவிட்ட 142.5 கிலோவுக்கு விழுந்த அந்த ஒரு சிவப்பு விளக்கைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டும் என்பது என் கருத்து.

சிவப்பு விளக்கு போட்ட காரணத்தைச் சொல்ல அந்த நடுவர் எந்த நிற அட்டையைக் காட்டினார் என்பதைப் பார்த்தீர்களா? சர்வதேச வலுதூக்குதல் கூட்டமைப்பின் விதிகளின்படி ஸ்குவாட்டில் சிவப்பு அட்டை என்றால் இறங்கிய ஆழம் போதவில்லை என்று பொருள். இடுப்பு மூட்டருகே தொடையின் மேற்பரப்பு, முழங்காலின் உச்சியைவிடக் கீழே போயிருக்க வேண்டும். நீல அட்டையும் மஞ்சள் அட்டையும் முழங்கால் பூட்டாமை, நடுவரின் கட்டளைக்குக் காத்திராமை போன்ற வேறு பிழைகளுக்கானவை. அவற்றைத் திருத்துவது எளிது. அட்டை சிவப்பாக இருந்திருந்தால், உங்கள் வீராங்கனையின் 142.5 ஒரே ஒருவருடைய கண்ணின் தயவில் நின்றது என்று அர்த்தம். மூன்று நடுவர்களில் இருவர் வெள்ளை காட்டினால் போதும் என்பதால் நாம் அந்த மூன்றாவது விளக்கை மறந்துவிடுகிறோம். ஆனால் தேசியப் போட்டியில் அமர்ந்திருப்பவர்கள் வேறு நடுவர்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கே நேர்ந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயிற்சி பெற்ற ஒருவர் போட்டியன்று வார்ம்-அப் அறையில் காற்றைப்போல எடைகளைத் தூக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த மயக்கத்தில், முதல் முயற்சிக்கு எழுதிக் கொடுத்திருந்த எடையை, மாற்றிக்கொள்ள அனுமதி இருந்த நேரத்துக்குள் ஓடிப்போய் 7.5 கிலோ உயர்த்தினேன். மேடையில் அவர் எழுந்து நின்றார், மூன்று சிவப்பு. ஆழம் போதவில்லை. தோற்ற எடையைக் குறைக்க விதியில் இடமில்லை. அதே எடையை மீண்டும் முயலலாம் அல்லது ஏற்றலாம், அவ்வளவுதான். இரண்டாம் முயற்சியிலும் அதே கதை நடந்தது. மூன்றாவதில், பாவம், முழு ஆழத்துக்கு இறங்கினார், எழ முடியவில்லை. ஒரு வகைத் தூக்கலில் மூன்று முயற்சிகளும் தோற்றால், மூன்று வகைகளின் கூட்டுத்தொகையான மொத்த எடை என்ற ஒன்றே இல்லை, படுத்துத் தூக்கும் பெஞ்ச் பிரஸ்ஸும் தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட்டும் எவ்வளவு நன்றாகப் போனாலும் சரி. ஓராண்டுப் பயிற்சி அரை மணி நேரத்தில் முடிந்துபோனது. அந்தப் பிழை முழுக்க என்னுடையது. அவர் ஒருபோதும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து நான் பயிற்சித் திட்டத்தை முதல் முயற்சியின் எடையிலிருந்து பின்னோக்கித்தான் எழுதுகிறேன். மூன்றாம் முயற்சி என்னவாக இருக்கும் என்பதை அன்றைய நாள் சொல்லும்; முதல் முயற்சியை மட்டும்தான் நாம் முன்கூட்டியே நம் கைக்குள் வைத்திருக்க முடியும்.

இனி சனிக்கிழமைக்கு வருகிறேன். 150 கிலோ தோற்ற அந்த வாரத்தில் அவர் மொத்தம் எத்தனை செட் ஸ்குவாட் செய்தார் என்பதை நீங்கள் எழுதவில்லை. ஆறு வாரம் முன்பென்றால் பெரும்பாலும் அதுதான் திட்டத்தின் மிகக் கனமான பகுதியாக இருந்திருக்கும். 1970-களின் நடுவில் கனடாவில் விளையாட்டு அறிவியல் ஆய்வாளர் எரிக் பானிஸ்டரும் அவருடைய குழுவினரும் முன்வைத்த ஒரு மாதிரியை இங்கே நினைவுகூரலாம். ஒவ்வொரு பயிற்சியும் உடலில் திறன், களைப்பு ஆகிய இரண்டையும் ஒருங்கே விட்டுச்செல்கிறது. ஒரு நாளில் நாம் காண்பது முன்னதிலிருந்து பின்னதைக் கழித்த மிச்சத்தை மட்டுமே. களைப்பு முதலில் பெரிதாக இருந்தாலும் விரைவில் வடிந்துவிடும், திறன் மெதுவாகத்தான் குறையும் என்பதே கடைசி வாரங்களில் பயிற்சியின் அளவைக் குறைப்பதற்கான நியாயம். ஆகவே சென்ற சனிக்கிழமை அவர் கால்கள் சொன்ன செய்தி அவருடைய வலுவைப் பற்றியது அல்ல, அந்த வாரத்துக் களைப்பைப் பற்றியது. அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு வாரந்தோறும் சோதித்தால், களைப்பைத்தான் வாரந்தோறும் அளந்துகொண்டிருப்பீர்கள். அதோடு, தோற்றுப்போகும் ஒவ்வொரு கனமான முயற்சியும் அடுத்த சில நாட்களின் பயிற்சியையும் தின்றுவிடும்.

இன்னொன்றும் உண்டு. 150-ஐ எடுத்துவிட்டால் அவருக்கு நிம்மதி வந்துவிடும் என்று நீங்கள் நம்புகிறீர்களா? நான் பார்த்தவரை, எடுத்தவர் அடுத்த வாரம் 152.5 கேட்பார், எடுக்காதவர் மீண்டும் 150 கேட்பார்.

அவருக்கு மறுப்பு மட்டும் சொல்லாதீர்கள், அந்தச் சனிக்கிழமையில் வேறொன்றைக் கொடுங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரே ஒரு கனமான தூக்கல், போட்டியின் எல்லாச் சடங்குகளோடும் நடக்கட்டும். நீங்கள் நடுவராக எதிரே நில்லுங்கள். “ஸ்குவாட்” என்று நீங்கள் சொல்லும்வரை அவர் அசையக் கூடாது, “ரேக்” என்று சொல்லும்வரை பாரைத் தாங்கிகளில் வைக்கக் கூடாது. பாரில் எடை ஏறியதும் ஒரு நிமிடக் கடிகாரம் ஓடட்டும். பக்கவாட்டில் இடுப்பு உயரத்தில் கேமராவை வைத்து, ஆழத்தில் சிறு ஐயம் இருந்தாலும் அந்தத் தூக்கல் செல்லாது என்று அறிவியுங்கள். இதில் தயவு காட்டாதீர்கள். எடையை உணர்வின் அளவுகோலால் முடிவு செய்யுங்கள். சுவீடன் உளவியலாளர் குன்னர் போர்க் உருவாக்கிய உழைப்புணர்வு அளவீட்டை அமெரிக்க வலுதூக்குதல் வீரரும் பயிற்சியாளருமான மைக் டுஷெரர் வலுதூக்குதலுக்கு ஏற்ப மாற்றியமைத்ததை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அதில் 8 என்றால் இன்னும் இரண்டு முறை தூக்கும் வலு மிச்சம் இருக்கிறது என்று பொருள். அந்த 8-க்கு மேல் போக வேண்டாம். தொடக்கத்தில் அது 132.5 ஆக இருக்கலாம். வாரங்கள் போகப் போக அதே உணர்வில் 137.5-ம் 140-ம் எழுமானால், 150-ஐத் தொடாமலேயே அவர் 150-ஐத் தாண்டி வளர்ந்திருக்கிறார் என்று உங்கள் இருவருக்கும் தெரியும்.

கடைசிக் கனமான பயிற்சிக்கு நான் பின்பற்றும் கணக்கு இது: டெட்லிஃப்ட்டுக்குப் போட்டிக்கு 10 முதல் 14 நாட்கள் முன்பு, ஸ்குவாட்டுக்கு 8 முதல் 10 நாட்கள், பெஞ்ச் பிரஸ்ஸுக்கு 5 முதல் 7 நாட்கள். அதன்பின் எடை ஓரளவு கனமாகவே இருக்கட்டும், ஆனால் செட்களின் எண்ணிக்கையை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். அந்த நாட்களில் அவருக்கு முழங்கால் வலிப்பது போலவும் வலு போய்விட்டது போலவும் தோன்றும். உங்களுக்கும் ஒரு செட் கூட்டிவிடலாமா என்று கை பரபரக்கும். கூட்டாதீர்கள்.

எடை விஷயத்தில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. சர்வதேசக் கூட்டமைப்பின் விதிகளில் எடை பார்ப்பது போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்புதான் தொடங்குகிறது, ஒன்றரை மணி நேரம் நடக்கிறது. முந்தைய நாளே எடை பார்த்துவிடும் அமைப்புகளில் போட்டியிடுபவர்கள் சொல்லும் ஆலோசனையை இங்கே கொண்டுவந்தால் ஆபத்து. அவர்களுக்கு இழந்த நீரை மீட்க ஒரு முழு நாள் இருக்கிறது, உங்கள் வீராங்கனைக்கு அது இல்லை. அதிகப்படியான 1.6 கிலோ என்பது அவர் உடல் எடையில் 2.5 சதவீதம். ஆறு வாரங்களில், வாரத்துக்கு 200 கிராம் வீதம் உணவைச் சற்றே அளந்து உண்பதாலேயே 1.2 கிலோ இறங்கிவிடும். மிச்சமுள்ளதற்குக் கடைசி இரண்டு நாட்களில் நார்ச்சத்து மிகுந்த, குடலில் நெடுநேரம் தங்கும் உணவைத் தவிர்த்தாலே பெரும்பாலும் போதும். முதலில் உங்கள் ஜிம்மின் தராசு சரியானதுதானா என்று பாருங்கள். அரைக் கிலோ பிழை காட்டும் தராசை நம்பி ஒருவர் பட்டினி கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். முதல் தேசியப் போட்டியில் அவர் பதக்க வாய்ப்பில் இல்லையென்றால், 69 கிலோ பிரிவில் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுத் தூக்குவதிலும் ஒரு குறைவும் இல்லை. ஆனால் தேர்வானது 63-இல் என்பதால், பிரிவு மாற அனுமதி உண்டா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

போட்டி நாளில் ஸ்குவாட்டுக்கு நானாக இருந்தால் 137.5, 145 என்று எழுதி வைப்பேன். மூன்றாவதைக் காலியாக விடுவேன். சனிக்கிழமைகளில் 137.5-ஐ மூன்று முறையாவது ஐயமற்ற ஆழத்தில் எடுத்திருக்காவிட்டால், கூச்சப்படாமல் 135-இல் தொடங்குங்கள். மூன்றாவதில் 150-ஆ 152.5-ஆ என்பதை இரண்டாவது எழுந்த வேகம் சொல்லும். வார்ம்-அப்பில் நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிடாதீர்கள், முயற்சிகளை எண்ணுங்கள். ஒரு முயற்சிக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். மேடையில் அவருக்கு முன்னால் மற்றவர்களின் எட்டு, ஒன்பது முயற்சிகள் இருக்கும்போது கடைசி வார்ம்-அப்பான 127.5 அல்லது 130 முடிந்திருக்க வேண்டும். டெட்லிஃப்ட்டின் மூன்றாம் முயற்சியை மட்டும், அவரை மேடைக்கு அழைக்காதவரை, இரண்டு முறை மாற்றிக்கொள்ளலாம். இடத்துக்கான போட்டி இருந்தால் அங்கேதான் கணக்குப் போட வேண்டியிருக்கும். மொத்த எடை சமமானால் உடல் எடை குறைந்தவரே முன்னால் என்பதையும் அப்போது மறக்க வேண்டாம்.

உங்கள் மூன்றாவது கேள்வி சிறுபிள்ளைத்தனமானது அல்ல. நிமிடக் கடிகாரம் ஓடத் தொடங்கிய பிறகு மனிதக் காதுக்கு ஒரு சொல்தான் ஏறும். அந்தச் சொல்லை இன்றே அவரிடம் கேட்டுத் தேர்ந்துகொள்ளுங்கள். “மூச்சு” என்பதோ, “முழங்கால்” என்பதோ, அவருடைய உடல் எதற்குச் சரியாகப் பதில் சொல்கிறதோ அது. ஆறு வாரமும் ஒவ்வொரு கனமான செட்டுக்கு முன்னும் அதையே சொல்லுங்கள், மேடையிலும் அதை மட்டுமே சொல்லுங்கள். பாரில் எவ்வளவு எடை இருக்கிறது, மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதையெல்லாம் அறிந்துகொள்ள விரும்புகிறாரா இல்லையா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு அது உரம், சிலருக்கு விஷம்.

அவர் தூக்கி முடித்ததும் உங்களுக்கான நிமிடம் தொடங்குகிறது. அடுத்த முயற்சியின் எடையை அந்த ஒரு நிமிடத்துக்குள் மேசையில் கொடுத்தாக வேண்டும். முதலில் சீட்டு, பாராட்டு அதற்குப் பிறகு. மூன்று வெள்ளை விளக்கைப் பார்த்த மகிழ்ச்சியில் நீங்கள் அவரோடு பேசிக்கொண்டு நின்றுவிட்டால், விதிப்படி தானாக 2.5 கிலோ மட்டும் கூட்டப்பட்டு, 145 இருக்க வேண்டிய பாரில் 140 ஏறியிருக்கும்.

அன்புடன்.