விற்ற கேம் கணக்கும் முடங்கிய சம்பளக் கணக்கும்

கேள்வி: எட்டு வருடமாகக் காசு கொடுத்து வாங்கிய கேம்கள் இருந்த என் ஆன்லைன் கணக்கை ஒரு கல்லூரி மாணவருக்கு 18,000 ரூபாய்க்கு விற்றேன். அவர் மின்னஞ்சலை மாற்றியதும் கம்பெனி கணக்கை முடக்கிவிட்டது. பழைய பில்களை அனுப்பி, மீட்டுத்தரக் கேட்டிருக்கிறேன். அதற்குள் அவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்து, என் சம்பளக் கணக்கே முடங்கிவிட்டது. என் பொருளை விற்க எனக்கு உரிமை இல்லையா? பிரான்ஸ் கோர்ட் அனுமதித்ததாமே? கம்பெனி மீது வழக்குப் போடலாமா?

பதில்: கம்பெனி செய்த அநியாயம் பற்றி நீங்கள் எழுதியதை ஓரமாக வையுங்கள். பணம் வாங்கும்போது, கணக்கைக் கைமாற்றக் கூடாது என்ற விதியை அந்த மாணவரிடம் சொன்னீர்களா? வழக்கு நிற்பது இதில்தான்.

பாரிஸ் தீர்ப்பை எனக்கு அனுப்பாத கட்சிக்காரரே இல்லை. 2019-இல் ஸ்டீம் கேம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கு எதிராக, வாங்கிய கேமை மறுவிற்பனை செய்யலாம் என்று கீழ்க் கோர்ட் சொன்னது உண்மை. 2022-இல் மேல்முறையீட்டில் அது அடிபட்டது. 2024 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. டிஸ்க்காக இருந்தால் யாருக்கு வேண்டுமானாலும் விற்றுவிட்டுப் போயிருக்கலாம். உங்களிடம் இருந்தது விளையாடுவதற்கான உரிமம் மட்டுமே.

நுகர்வோர் வழக்கு போடலாம். நியாயமற்ற ஒப்பந்தம் என்று வாதாடுவதானால் மாவட்ட ஆணையம் ஏற்காது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். ஆனால் 'இந்த விதி நியாயமற்றது, இருந்தும் விற்றேன்' என்று நீங்களே பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தருவீர்கள். மாணவரின் வக்கீலுக்கு அது போதும்.

அதைவிட ஆபத்து அந்த மீட்பு விண்ணப்பம். விற்றுக் காசு வாங்கிய பிறகு, அதே கணக்கை உங்கள் பெயரில் திரும்பக் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருப்பீர்கள். விசாரணை அதிகாரிக்கோ, விற்றுவிட்டுப் பழைய பில்லைக் காட்டி வாரிச் சுருட்டும் கும்பலின் வழக்கமான வேலையாகத்தான் அது தெரியும். நான் பார்த்த வழக்குகளில் ஆள் மாட்டியது இந்த இடத்தில்தான். மோசடிக்குத் தொடக்கத்திலேயே கெட்ட எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும். அதைக் காட்ட இப்படி ஒரு மின்னஞ்சல் போதும். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவில் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. அந்த விண்ணப்பத்தை இன்றே திரும்பப் பெறுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், அதில் 'ஒரு பிரச்சினையும் வராது தம்பி' என்று நீங்களே எழுதியிருந்தாலும் சரி.

அப்புறம், 18,000 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். ரொக்கமாக வேண்டாம், நண்பரின் ஜிபே எண்ணுக்கும் வேண்டாம். பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதற்கே, உங்கள் மனைவியின் அல்லது அப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்புங்கள். பரிவர்த்தனை எண்ணைக் குறித்து, புகாரைத் தொடர விருப்பமில்லை என்று அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அந்தக் கடிதத்தோடு சைபர் கிரைம் அதிகாரியைப் பாருங்கள். பெரும்பாலும் அவர் எழுதினால்தான் வங்கி உங்கள் சம்பளக் கணக்கை விடுவிக்கும்; மேனேஜரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருந்தால் கடிதம் மட்டும் போதாது. கோர்ட் அனுமதியோடுதான் சமரசம் செய்ய முடியும். அதனால் இந்த வாரமே முடித்துவிடுங்கள்.