கலையரங்கு கட்ட அரசு நிதி: 12 சென்ட் நிலமும் 18 லட்சமும் கையில் இருந்தால்

கேள்வி: திருவட்டாறு பக்கம் பல ஆண்டுகளாகப் பதிவில் உள்ள வில்லிசைச் சங்கம் எங்களுடையது. சங்கத்தின் பெயரில் 12 சென்ட் நிலமும் வங்கியில் 18 லட்சம் ரூபாயும் இருக்கின்றன. 300 பேர் அமரும் அரங்குக்குப் பொறியாளர் 70 லட்சம் மதிப்பீடு கொடுத்திருக்கிறார். கோயில் வளாகத்துப் பழைய மேடையையே பெரிதாக்கலாம் என்று சில உறுப்பினர்கள் சொல்கிறார்கள். அரசு நிதிக்கு எங்கே, எப்படி எழுத வேண்டும்?

பதில்: அரங்கு யார் பெயரில் நிற்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எந்த நிதிக்கு எழுதலாம் என்பது அதிலேயே அடங்கிவிடும். திட்டத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு ஓடி, நிலத்தில் வந்து முட்டி நிற்கும் சங்கங்கள்தான் அதிகம்.

கோயில் வளாக யோசனையை விட்டுவிடுங்கள். நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதி (ஆண்டுக்கு 5 கோடி) வழிபாட்டிடங்களுக்குள்ளும் சமய அமைப்புகளின் நிலத்திலும் கட்டடம் எழுப்ப அனுமதிப்பதில்லை. கோயில் நிர்வாகமோ ஊர்க் கமிட்டியோ மனமுவந்து ஒப்புதல் கடிதம் கொடுத்தாலும் இந்த விதி மாறாது.

உங்களுக்கு மிஞ்சுவது இரண்டு வழிகள்.

ஒன்று, அரங்கு பேரூராட்சியின் சொத்தாக இருப்பது. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி (ஆண்டுக்கு 3 கோடி), 'நமக்கு நாமே' திட்டம் இரண்டும் இந்த வகை. நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும். உங்கள் 18 லட்சத்தை வைத்து 54 லட்சம் வரையிலான பணிக்கு எழுதலாம். 70 லட்சத்துக்கு என்றால் 23.33 லட்சம் வேண்டும். ஆனால் நிலத்தைப் பேரூராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அதன்பின் வாடகை, சாவி, முன்பதிவு எல்லாம் பேரூராட்சி மன்றத்தின் தீர்மானப்படிதான். குத்தகையை ஏலத்தில் விட்டால் நீங்களும் ஏலம் கேட்கும் ஒரு ஆள், அவ்வளவே. பயிற்சிக்கு வாரத்தில் எத்தனை நாள், என்ன கட்டணம் என்பதை அந்த மன்றத்தில் தீர்மானமாக நிறைவேற்றி வாங்காமல் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று, சங்கமே உரிமையாளராக இருப்பது. இதற்கு மத்திய பண்பாட்டு அமைச்சகத்தின் கட்டட மானியம் பொருந்தும். குறைந்தது மூன்று ஆண்டு பதிவும் என்.ஜி.ஓ. தர்பண் (தன்னார்வ அமைப்புகளுக்கான மத்திய அரசின் பதிவுத் தளம்) எண்ணும் வேண்டும். இதில் பலர் ஏமாறும் இடம் உண்டு. திட்டச் செலவில் 60 சதவீதம் என்பதை மட்டும் படித்துவிட்டு, 70 லட்சத்துக்கு 42 லட்சம் வரும் என்று கணக்குப் போடுகிறார்கள். பெருநகரம் அல்லாத ஊர்களுக்கு உச்சவரம்பு 25 லட்சம். மீதி 45 லட்சமும் உங்கள் தலையில் விழும். ஆகவே முதல் கட்டத்தை 41.6 லட்சத்துக்குள் நிறுத்துங்கள். அந்த அளவில்தான் 60 சதவீதமும் உச்சவரம்பும் ஒன்றாகப் பொருந்துகின்றன. உங்கள் பங்கு 16.7 லட்சத்துக்குள் முடியும். விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையைப் பார்த்து வரம்பை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டில் எங்கள் பரிந்துரை இரண்டாவது. அரங்கு சிறியதாக இருக்கும், ஆனால் கதவு உங்கள் கையில் இருக்கும். தினமும் பயிற்சி நடக்கும் சங்கத்துக்கு அதுதான் முக்கியம். அணுகுசாலை, வடிகால், தெருவிளக்கு ஆகியவற்றை உங்கள் மதிப்பீட்டில் சேர்க்காமல், பொது நிலத்தில் செய்யும் பணியாகப் பேரூராட்சியிடம் தனியே கேளுங்கள்.

அடுத்து அளவு. 12 சென்ட் என்பது ஏறக்குறைய 5,227 சதுர அடி. 300 இருக்கைக்கு நடைபாதையோடு 2,400, மேடைக்கு 700, ஒப்பனை அறை, கழிப்பறைக்கு 400 என்று 3,500 சதுர அடி போய்விடும். நாற்புறமும் விட வேண்டிய இடம், வண்டி நிறுத்தம், தீயணைப்பு வண்டி வரும் வழி எல்லாம் மீதியில் அடங்காது. 200 இருக்கை என்று மாற்றினால் 2,700 சதுர அடியில் முடியும். உங்கள் பொறியாளர் போட்ட அதே சதுர அடி விலையில் இது 54 லட்சம். உட்கூரை, நிலையான இருக்கை, ஒலியமைப்பு மூன்றையும் இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளி, மீதியையும் சிக்கனமாகத் திட்டமிட்டால் முதல் கட்டம் மேலே சொன்ன 41.6 லட்ச வரம்புக்குள் வரும்.

தள்ளக் கூடாதது ஒன்று உண்டு: கூரைத் தகட்டுக்கு அடியில் ஒலி தடுக்கும் அடுக்கு. ஆனி, ஆடிச் சாரலும் ஐப்பசி, கார்த்திகை மழையும் பெய்யும் மாவட்டம் இது. வெறும் தகட்டின் கீழ் மழை விழுந்தால் உடுக்கையும் குடமும் பாடகரின் குரலும் நாலாவது வரிசைக்கே எட்டாது. பின்னர் சேர்க்கப் போனால் சாரம் கட்டும் செலவு இன்னொரு முறை வரும். பக்கச் சுவர்களை முழுதும் ஓடு பதித்துப் பளபளப்பாக்க வேண்டாம், எதிரொலி கூடிச் சொல் குழம்பும். பேச்சும் பாட்டும் கலந்த வில்லிசைக்கு எதிரொலி அடங்கும் நேரம் ஏறக்குறைய 1 வினாடி இருந்தால் நல்லது. மேடைக்கு ஏறும் சாய்தளம் 1:12 சரிவில், மும்முனை மின் இணைப்பு, ஒலிக்கருவிகளுக்குத் தனி நிலத்தொடர்பு (எர்த்) ஆகியவையும் முதல் மதிப்பீட்டிலேயே இருக்கட்டும்.

மதிப்பீடு பொதுப்பணித் துறை விலைப்பட்டியலை ஒட்டி, ஜி.எஸ்.டி.யும் சேர்த்து இருக்க வேண்டும். வில்லங்கச் சான்றும் பட்டாவும் சங்கத்தின் பெயரில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பழைய செயலாளரின் பெயரில் பட்டா இருந்தால் முதலில் மாற்றுங்கள். நிலம் நஞ்சையாகப் பதிவாகியிருந்தாலோ மலையிடப் பாதுகாப்புக்கு உட்பட்ட கிராமத்தில் இருந்தாலோ, கட்டட அனுமதிக்கு முன் தனி ஒப்புதல் தேவைப்படும். 1975 சங்கச் சட்டப்படி ஆண்டுக் கணக்குகளை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யாமல் விட்டிருந்தால், அபராதம் கட்டியாவது நேர் செய்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

கட்டியபின் நடத்தும் செலவுக்குக் கட்டட மானியத்தில் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. நிகழ்ச்சிகளுக்கு அதே அமைச்சகத்தின் கலை விழா, தயாரிப்பு மானியம் பொதுவாக 5 லட்சம் வரை உண்டு. தஞ்சாவூர் தென்னகப் பண்பாட்டு மையத்துக்கும், நெல்லையில் உள்ள கலை பண்பாட்டுத் துறை மண்டல அலுவலகத்துக்கும் ஆண்டு நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே அனுப்புங்கள். மின்கட்டணம், காவலாளி, துப்புரவு, காப்பீடு நான்குக்கும் வாடகை வருமானம் போதுமா என்ற ஓராண்டுக் கணக்கை விண்ணப்பத்தோடே இணையுங்கள்.

மானியம் தவணையாக வரும். முதல் தவணைக்கான பயன்பாட்டுச் சான்றிதழை, 12-ஏ படிவத்தில், பட்டயக் கணக்காளர் கையொப்பத்துடன் கொடுத்த பிறகே அடுத்தது. இதற்கென்று தனி வங்கிக் கணக்கு திறந்து, ஒப்பந்தக்காரருக்கு ரொக்கம் கொடுக்காமல் வங்கி வழியே செலுத்துங்கள். பணியின் ஒவ்வொரு நிலையையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள்.