வரலாறு, குற்றம், மதம், நகைச்சுவை: ஒரு வாரம் பாட்காஸ்ட்டாகக் கேட்டுத் தள்ளினால் மண்டையில் எது நிற்கும்?

கேள்வி கேட்டவருக்கு இரண்டு சந்தேகம். நான்கையும் கலந்து கேட்டால் ஏதாவது மனதில் தங்குமா? நான்கில் எது காதால் கேட்கத் தோதானது? போன மாதம் நான் செய்தது இதைத்தான். பெரிய திட்டமெல்லாம் இல்லை. அப்புறம் கேட்கலாம், அப்புறம் கேட்கலாம் என்று டவுன்லோடு செய்து வைத்ததில் போனில் இடம் தீர்ந்துவிட்டது. ஒன்று கேட்டு முடிக்க வேண்டும், இல்லையென்றால் அழிக்க வேண்டும். அழிக்க மனசு வரவில்லை. ஏழு நாளும் பாட்டு, செய்தி எதுவும் கிடையாது என்று முடிவு கட்டி, வழக்கமான 1.5 மடங்கு வேகத்தில் ஓடவிட்டேன்.

முதல் இரண்டு நாள் வரலாறு. காதுக்கென்றே அமைந்த சங்கதி என்றால் இதுதான். கதை சொல்லத் தெரிந்த ஒருவர் போதும். 'தி ஹிஸ்டரி ஆஃப் ரோம்' என்ற தொடரை மைக் டங்கன் 2007-இலிருந்து 2012 வரை ஒற்றைக் குரலில் நடத்தினார். நான் கேட்டது முதல் உலகப் போரின் தொடக்கம். 1914 ஜூன் 28, போஸ்னியாவின் சரயேவோ நகரம். காலையில் ஒருவன் ஆஸ்திரிய இளவரசர் ஃபெர்டினாண்டின் கார்மீது குண்டு வீசுகிறான். அது தவறி, பின்னால் வந்த வண்டியின் அடியில் வெடிக்கிறது. வீசியவன் விஷத்தை விழுங்கிவிட்டு ஆற்றில் குதிக்கிறான். விஷமும் கொல்லவில்லை, ஆற்றில் தண்ணீரும் ஆழமில்லை. இளவரசர் காயம்பட்டவரைப் பார்க்க மருத்துவமனைக்குக் கிளம்புகிறார். பாதையை மாற்றியதை டிரைவரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் பழைய பாதையிலேயே திரும்ப, "நிறுத்து, இது இல்லை" என்றதும் கார் நிற்கிறது. நின்ற இடத்தில் குண்டு வீசியவனின் கூட்டாளி, 19 வயது காவ்ரிலோ பிரின்சிப், துப்பாக்கியோடு.

அவன் அப்போது சாண்ட்விச் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் காலத்து வாக்குமூலங்களில் சாண்ட்விச்சே இல்லையாம். எவ்வளவோ காலம் கழித்து யாரோ சேர்த்த மசாலா. இதைச் சொல்லும்போது தொகுப்பாளர் ஒரு நொடி தயங்கினார் பாருங்கள், அங்கேதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. ஒரு குறையும் உண்டு: வரைபடம் கையில் இல்லாவிட்டால், எந்தப் படை எந்தப் பக்கம் போகிறது என்று பத்தாவது நிமிடத்தில் குழம்பிவிடும்.

மூன்றாம் நாள் மதம். கிறிஸ்தவத்தின் நான்காம் நூற்றாண்டுச் சண்டை. 325-இல் கான்ஸ்டன்டைன் கூட்டிய நிசேயா மாநாட்டில்தான் பைபிளில் எந்தெந்த நூல் இருக்கலாம் என்று ஓட்டெடுத்தார்கள் என நினைத்துக்கொண்டிருந்தேன். அது கட்டுக்கதை. அங்கே பெரிய பிரச்சினையே மகனான இயேசு தந்தையான கடவுளோடு சமமானவரா, தந்தையால் படைக்கப்பட்டவரா என்பதுதான். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் சண்டை இரண்டு கிரேக்கச் சொற்களில் வந்து நின்றது: ஹோமோஊசியோஸ், ஹோமொய்ஊசியோஸ். முதலாவதற்கு 'அதே தன்மை', இரண்டாவதற்கு 'அதுபோன்ற தன்மை'. நடுவில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். அதற்காகப் பிஷப்புகள் பதவியிழந்து நாடு கடத்தப்பட்டார்கள். 1.5 வேகத்தில் எனக்கு இரண்டும் ஒரே சொல்லாகத்தான் கேட்டது. பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு 15 வினாடி பின்னால் போகும் பொத்தானை முழங்கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். நான்காவது தடவையில் வேகத்தை 1-க்கு இறக்கிய பிறகுதான் அந்த ஒற்றை எழுத்து காதில் விழுந்தது. மத எபிசோடுகளை வேலை செய்துகொண்டே கேட்பதில் பலனில்லை, அவ்வளவுதான்.

நான்காம் நாள் குற்றம். இந்த வகைக்குக் கூட்டம் சேர்த்தது 2014-இல் வந்த 'சீரியல்' என்ற பாட்காஸ்ட். நான் கேட்டது வேறு தொடர். பெயர் வேண்டாம், காரணம் பின்னால் வரும். பழைய போலீஸ் விசாரணை ஒலிநாடா ஒன்றை அதில் ஒலிபரப்பினார்கள். "அன்றைக்கு ராத்திரி வெளியே போனீர்களா?" என்று அதிகாரி கேட்கிறார். "இல்லை" என்று பட்டென்று பதில் வருகிறது. இவ்வளவு தெளிவாகச் சொல்கிறவன் செய்திருக்க மாட்டான் என்று அங்கேயே எனக்குள் விடுதலை கொடுத்துவிட்டேன். (உடல் கிடைத்த இடத்தை வர்ணித்து முடித்த மூச்சிலேயே அதே குரல் மெத்தை விளம்பரம் படித்ததை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.)

ஐந்தாம் நாள் நகைச்சுவையில்தான் குட்டு உடைந்தது. இரண்டு நகைச்சுவைக் கலைஞர்கள் பேசுகிறார்கள். கேட்பவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், எனக்குச் சிரிப்பே வரவில்லை. ஒருவர் முடிப்பதற்குள் மற்றவர் பாய்கிறார், ஏதோ வாய்த்தகராறு மாதிரி இருக்கிறது. ஆளுக்குத்தான் சரக்கில்லை என்று நினைத்தேன். பிறகு சந்தேகம் வந்து செட்டிங்ஸைத் திறந்தால், வேகத்துக்குக் கீழே 'மௌனத்தை வெட்டு' என்று ஒரு பொத்தான். எப்போதோ நானே அமுக்கி வைத்திருக்கிறேன்.

வேகத்தைக் கூட்டினால் ஆப் ஒலியை நொடியின் நூறில் சில பங்கு அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றின் வாலை அடுத்ததன் தலைமேல் ஏற்றி ஒட்டுகிறது. அதனால்தான் குரல் கீச்சென்று மாறுவதில்லை. மௌனத்தை வெட்டுவது வேறு வேலை: ஒலி அளவு ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் அந்த இடத்தைச் சுருக்கிவிடும் அல்லது தூக்கிவிடும். பேசுகிறவர் மூச்சு வாங்குவதும் யோசிப்பதும் அதற்கு ஒன்றுதான். நகைச்சுவையில் ஜோக்கே அந்த இடத்தில்தான் இருக்கிறது. பொத்தானை அணைத்து, 1 வேகத்தில் அதே எபிசோடை மறுபடி கேட்டேன். "எங்க அப்பா ரொம்ப நல்லவர்" என்று சொல்லிவிட்டு அவர் சும்மா இருந்தார். மூன்று நொடி இருக்கும். அடுத்த வரி வருவதற்கு முன்பே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்து முடித்ததும் நினைவுக்கு வந்தது அந்த விசாரணை நாடா.

இயர்போனை இரண்டு காதிலும் வைத்து, வேறு வேலை எதையும் தொடாமல் உட்கார்ந்து கேட்டேன். "அன்றைக்கு ராத்திரி வெளியே போனீர்களா?" பிறகு ஒன்றுமில்லை. திரையில் நொடி ஓடுகிறது. நாற்காலி ஒரு தடவை கிறீச்சிடுகிறது. யாரோ மூக்கால் மூச்சை விடுகிறார்கள். ஏழாவது நொடியில்தான் "இல்லை". அந்தச் சத்தமும் சின்னதாக இருந்தது.

உடனே தீர்ப்பைத் திருப்பிவிட்டேன்: செய்தவன் இவன்தான். படுக்கப் போகும்போதுதான் உறைத்தது. நாள் முழுக்கத் தூங்காமல் விசாரணை அறையில் உட்கார்ந்திருப்பவனும் ஏழு நொடி எடுப்பான். கேள்வி புரியாதவனும் எடுப்பான். பட்டென்று வந்த பதிலை வைத்து விடுதலை, தாமதமாக வந்த பதிலை வைத்துத் தண்டனை. இரண்டையும் கொடுத்தது ஒரே நான், ஒரே சொல்லுக்கு. என்னைப்போல ஆயிரக்கணக்கானவர்கள் காதில் நீதிமன்றம் நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு வழக்கு இருக்கிறது. 1982-இல் காணாமல்போன ஒரு பெண்ணைப் பற்றி 2018-இல் 'தி டீச்சர்ஸ் பெட்' தொடர் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் கணவர் கைதானார். விசாரணை கெட்டுவிடக் கூடாது என்று 2019-இல் அந்த நாட்டில் தொடரையே நீக்கிவிட்டார்கள். கடைசியில் ஜூரி இல்லாமல் நீதிபதி ஒருவரே விசாரித்து 2022-இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பளித்தார். நான் கேட்ட தொடரின் வழக்கு முடிந்ததா என்று நான் இன்னும் தேடவில்லை. அதனால்தான் பெயரையும் சொல்லவில்லை.

எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு: வரலாற்றை 1.25 வரை ஓட்டலாம், மதத்துக்கு 1, நகைச்சுவைக்கு 1-ஐத் தாண்டினாலே பாவம். குற்றத்துக்கு வேகம் எதுவானாலும் அந்தப் பொத்தானை அணைத்துவிட்டுக் கேளுங்கள். முதல் கேள்விக்கு, எனக்கு மண்டையில் நின்றவை ஒரு சாண்ட்விச், ஓர் எழுத்து, ஏழு நொடி.

கடைசி நாளில் ஆப்பின் கணக்குப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 'மௌனத்தை வெட்டியதில் இதுவரை மிச்சம்: 31 மணி 12 நிமிடம்' என்று பச்சை எழுத்தில் பாராட்டியிருந்தது. அந்தக் குற்றத் தொடரில் இன்னும் மூன்று எபிசோட் பாக்கி இருக்கிறது.