வேலையும் வீடும் சேர்ந்து மூச்சு முட்டும்போது நன்றியுணர்வோடு இருப்பது எப்படி?

கோவையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். எங்களுக்குச் செப்டம்பர் வந்தாலே தூக்கம் போய்விடும். 30ஆம் தேதிக்குள் டாக்ஸ் ஆடிட் (வருமான வரித் தணிக்கை) அறிக்கைகளை வரித்துறை இணையதளத்தில் ஏற்றியாக வேண்டும். 2024இல் அப்படி இருபத்திரண்டு ஃபைல் மேசையில் கிடக்கும்போதுதான் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு, ஆபரேஷன்.

"தினமும் மூன்று நல்ல விஷயங்களை எழுதிப் பார்" என்றாள் ஒரு தோழி. நான்கு நாள் எழுதினேன். ஐந்தாம் நாள் இரவு ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் அந்த நோட்டும் ஒரு பெண்டிங் ஃபைலாகவே தெரிந்தது. மூடி வைத்துவிட்டேன். (எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் பின்னால் படித்தேன். அதன் ஒரு பகுதியில் மாணவர்களை வாரத்துக்கு ஒருமுறைதான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள், பத்து வாரத்துக்கு. அதிலேயே பலன் தெரிந்திருக்கிறது. முன்பே தெரிந்திருந்தால் அந்த நாலு நாள் கூடுதலாகத் தூங்கியிருப்பேன்.)

இதற்கு நடுவில் ஒரு உறவினர் போனில், "இடுப்போட போச்சே, தலையில அடிபடலையேன்னு சந்தோஷப்படு" என்றார். சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

அப்புறம் எனக்குக் கைகொடுத்தது பள்ளியில் மனப்பாடம் செய்த ஒரு தலைப்பு. திருக்குறளின் 11ஆம் அதிகாரம், செய்ந்நன்றி அறிதல். அங்கே நன்றி என்பது ஒருவர் நமக்குச் செய்த உதவி. அதை அறிவதுதான் நம் பங்கு. கணக்கு எழுதுகிறவளுக்கு இது சட்டென்று பிடிபட்டது. மனசு நெகிழாவிட்டால் போகட்டும், பதிவு விட்டுப்போகக் கூடாது.

பெண்டிங் லிஸ்ட் எழுதிய தாளின் பின்பக்கத்தில் 'சண்ட்ரி கிரெடிட்டர்ஸ்' என்று தலைப்புப் போட்டேன். டாலி என்ற கணக்கு மென்பொருளில் நாம் பணம் தர வேண்டியவர்களை அந்தத் தலைப்பில்தான் வைப்போம். ஆள், செய்த உதவி, அவ்வளவுதான் எழுதுவேன். பக்கத்து வீட்டு அக்கா, சிறுவாணித் தண்ணீர் விட்ட அன்று எங்கள் டிரம்மையும் நிரப்பினார். எங்கள் அலுவலகத்தில் சி.ஏ. பயிற்சி பெறும் ஆர்ட்டிகிள் பையன், நான் கேட்காமலே இரண்டு வாடிக்கையாளரிடம் ஸ்டாக் விவரம் வாங்கி வைத்தான். ஒரு வரி எழுத அரை நிமிடம் போதும். உதவி எதுவும் வராத நாளில் எழுத ஒன்றும் இல்லை, விட்டுவிடுவேன்.

ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி ஆயாம்மா ஒருவர் இருந்தார். ஒருநாள் நான் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டே தூங்கி விழுவதைப் பார்த்துவிட்டு, "போயிக் காப்பி குடிச்சுட்டு வா கண்ணு, அம்மாவ நான் பாத்துக்கறேன்" என்றார். கீழே கேன்டீனில் பத்து நிமிடம், போன்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த மாதத்தில் எனக்கென்று கிடைத்த பத்து நிமிடம் அதுதான்.

29ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கெடுவை அக்டோபர் 7 வரை நீட்டித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அலுவலகத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் பாத்ரூமுக்குள் போய் அழுதேன். அதை யார் பேரில் வரவு வைப்பது என்று இன்றுவரை தெரியவில்லை.

தீபாவளிக்கு முன்னால் அந்தத் தாளை எடுத்துக் கணக்கு முடிக்கக் கிளம்பினேன். சிலருக்கு போன், சிலருக்கு நேரில் மைசூர்பாகு. ஆயாம்மாவுக்கு என்னை நினைவே இல்லை. "எந்த ரூமு கண்ணு?" என்றார். சொன்னதும், "அட, இடுப்பு அம்மாவா! நடக்கறாங்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். காப்பி விஷயம் அவருக்குச் சுத்தமாக மறந்திருந்தது. என் தாளில் இல்லாவிட்டால் எனக்கும் மறந்திருக்கும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். நன்றியுணர்வு என்ற பெயரில் நியாயமான வருத்தத்தை விழுங்காதீர்கள். என் தம்பி அந்த ஒரு மாதமும் எட்டிப் பார்க்கவில்லை. அவன் பெயர் எதிர்ப்பக்கம், நமக்குத் தர வேண்டியவர்களை வைக்கும் சண்ட்ரி டெட்டார்ஸில் இருக்கிறது. வாராக்கடன் என்று தள்ளுபடி செய்ய எனக்கு இன்னும் மனசு வரவில்லை.