பச்சை ஒளிர்வு சிவந்தது எப்படி?

கேள்வி: சீசியம் ஈய புரோமைடு நானோபடிகங்களை, அதாவது ஒளிரும் மிக நுண்ணிய படிகங்களை, தயாரிக்கும்போது குடுவையை உடனே பனிக்கட்டி நீரில் அமிழ்த்துவது ஏன்? புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிர்ந்த கரைசல், ஈய அயோடைடுக் கரைசலைச் சேர்த்ததும் சிவந்தது எப்படி?
– முதுகலை வேதியியல் மாணவி, திருமங்கலம்

பதில்: ஈய புரோமைடு, ஓலியிக் அமிலம், ஓலைலமீன் ஆகியவற்றுடன் 140 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றப்பட்ட ஆக்டாடெசீன் என்னும் கரைப்பானில், சீசியத்தைத் தரும் சீசியம் ஓலியேட்டைச் செலுத்தியதும், படிகங்கள் சில விநாடிகளிலேயே வளர்ந்துவிடுகின்றன, தாமதித்தால் அளவு கைமீறிவிடும். பனிக்கட்டி நீரின் குளிர்ச்சி அந்த வளர்ச்சியை உடனே நிறுத்துகிறது. மதுரை வெயிலில் பனிக்கட்டியைத் தாராளமாகவே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். நிற மாற்றத்துக்குக் காரணம் அயனிப் பரிமாற்றம்: இப்படிகங்களில் ஹாலைடு அயனிகள் (புரோமைடு, அயோடைடு போன்றவை) எளிதில் நகர்வதால், படிகத்தின் அளவும் வடிவமும் ஏறத்தாழ மாறாமலே, அறை வெப்பநிலையில் புரோமைடின் இடத்தை அயோடைடு பிடித்துக்கொள்ள, ஆற்றல் இடைவெளி (ஒளிரும்போது எலக்ட்ரான் இறங்கும் ஆற்றல் வேறுபாடு) குறைந்து, 515 நானோமீட்டரை ஒட்டியிருந்த ஒளிர்வின் அலைநீளம் 690 நானோமீட்டர் பக்கம், அதாவது பச்சையிலிருந்து சிவப்புக்கு, நகர்கிறது. அந்தச் சிவப்பு நெடுநாள் நிலைக்காது. அயோடைடுப் படிகம் மஞ்சள் நிறக் கட்டமைப்புக்கு மாறி ஒளிர்வை இழக்கும் என்பதால், அளவீடுகளை அன்றே முடித்துவிடுங்கள். ஈயம் நச்சு, எஞ்சிய கரைசலைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள்.