முகர்நரம்பு அடிபட்டால் திரும்புமா? கேள்வி பதில்

கேள்வி: மகளுக்கு நான்கு வயது. மாடிப்படியில் விழுந்து பின்மண்டையில் அடி. அதிலிருந்து மல்லிப்பூ வாசனைகூடத் தெரியவில்லை என்கிறாள். அறுந்த நரம்பு வளராதாமே?

பதில்: முதலில் ஒன்று. மூக்கில் தண்ணீர்போல ஒழுகினால் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

வாசனையை மூளைக்குக் கொண்டுபோகும் இந்த முகர்நரம்பு மற்றவை போல இல்லை. மூக்கின் கூரையிலுள்ள ஒவ்வொரு முகர்செல்லும் ஒரு மெல்லிய இழையைச் சல்லடை எலும்பின் துளை வழியே மூளையின் முகர்குமிழுக்கு, அதாவது வாசனைச் செய்தியை முதலில் வாங்கும் பகுதிக்கு, அனுப்புகிறது. தலை அடிபட்டு மூளை குலுங்கினால், துளையருகே இழை அறுந்துவிடும். அறுந்த செல் சில நாட்களில் சாகும். உடனே மூக்குத் திசுவின் அடிவரிசைச் செல்கள் விழித்துப் பெருகிப் புது முகர்செல்களாகும். பழைய இழையைப் போர்த்தியிருந்த உறைச்செல்கள் சாவதில்லை. குப்பையை விழுங்கிவிட்டு, காலிக் குழாய்போல நின்று புது இழைக்கு வழிவிடும். துளையைத் தழும்பு அடைத்தால் சிக்கல்.

கேள்வி: சின்ன வயது என்றால் முழுக்கச் சரியாகிவிடும்தானே?

பதில்: அப்படி நம்பி இருந்துவிடாதீர்கள். 2014-இல் வந்த சுண்டெலி ஆய்வுகளில், மரபணுவை மாற்றி முகர்இழைகளை வழிதவறச் செய்தார்கள். பிறந்த முதல் வாரத்துக்குள் அந்தக் கோளாறை நீக்கியபோது வழிதவறிய இழைகள் திருந்தின. பிறகு நீக்கியபோது தவறிய இடத்திலேயே நின்றுவிட்டன.

கேள்வி: துத்தநாகச் சொட்டு மருந்து விடலாமா?

பதில்: கூடாது. 1937-இல் டொராண்டோவில் போலியோவைத் தடுக்கக் குழந்தைகளின் மூக்கில் துத்தநாக சல்பேட் தெளித்தார்கள். சிலருக்கு வாசனையே போயிற்று.

கேள்வி: பிறந்தபின் நரம்புச்செல் உருவாகாது என்றுதான் கல்லூரியில் படித்தேன். நீங்கள் சொல்வதெல்லாம் எலிக்கதை.

பதில்: இல்லை. பெரியவர்களின் மூக்குத் திசுவிலேயே இளம் முகர்செல்களைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் முகர்குமிழைப் பற்றி என்றால் நீங்கள் சொல்வது சரி. எலிக்கு அங்கேயும் புதுச்செல் வந்துகொண்டே இருக்கும், வளர்ந்த மனிதருக்கு அநேகமாக இல்லை. மூக்கையும் குமிழையும் ஒன்றாகப் பேசுவதால்தான் இந்தச் சண்டை.

கேள்வி: கொரோனாவில் போன வாசனை?

பதில்: அது வேறு. அங்கே முதலில் அடிவாங்குவது முகர்செல் இல்லை, அதைத் தாங்கும் துணைச்செல்.

கேள்வி: துத்தநாக ஜெல் என்றால் பரவாயில்லையா?

பதில்: மேலே சொன்னதுதான். எந்த வடிவிலும் மூக்குக்குள் வேண்டாம்.

கேள்வி: மல்லிப்பூ கேள்வி கேட்டவள்தான். யூகலிப்டஸ் தைலத்தை நீட்டினால் ஜில்லென்று இருக்கிறது என்கிறாள் மகள். வாசனை வந்துவிட்டதா?

பதில்: அந்த ஜில்லிப்பு முகத்தின் தொடுநரம்பு வழியாக வருவது. முகர்செல் இல்லாவிட்டாலும் தெரியும். கண்ணை மூடச்சொல்லி, காபித்தூளையும் வெறும் டப்பாவையும் மாற்றி மாற்றிக் காட்டுங்கள். எது காபி என்று சரியாகச் சொல்கிறாளா என்று பார்த்து, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.