செந்நரி பனியில் மிதக்கிறதா?

கேள்வி: புகைப்படம் பார்த்து, பனியில் நடக்கும் செந்நரியை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தேன். பனி சுண்ணாம்புச் சுவர்போல் இருக்கிறது. நரி வெட்டி ஒட்டியதுபோல் தெரிகிறது. பத்து நாளாகியும் வெள்ளை பிசுபிசுக்கிறது. என்ன செய்யலாம்? (ஜெலுத்தோங் வாசகர், பினாங்கு)

பதில்: குறை நரியில் இல்லை, பனியில்தான். டைட்டானியம் வெள்ளையை டியூபிலிருந்து அப்படியே அப்பியிருப்பீர்கள். அதைவிட வெளிச்சமான நிறம் உங்கள் தட்டில் கிடையாது. எல்லா இடத்திலும் அதையே பூசிவிட்டால் வெயில் படும் மேட்டுக்கு என்ன மிச்சம்? ஈரமாக இருப்பதும் நல்லதுதான். தடித்த இடங்களைப் பேலட் கத்தியால் வழித்தெடுங்கள்.

நிழலுக்கு வெள்ளை 8 பங்கு, அல்ட்ராமரின் நீலம் 1 பங்கு, பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) குண்டூசித் தலையளவு. சியன்னாவை விட்டால் நீச்சல்குள நீலம்தான் வரும். வெயில் படும் பனிக்கு வெள்ளையில் யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்) துளியூண்டு. கலக்காத வெள்ளை கடைசியில், நாலைந்து இடத்தில் மட்டும்.

வெயில் எட்டாத பள்ளத்துக்கு வானத்தின் நீல ஒளிதான் வருகிறது. அதனால்தான் நிழல் நீலம். நம் ஊரில் பனிக்கு எங்கே போவது? தாம்பாளத்தில் தூள் உப்பைக் குவித்து, ஒரு பொம்மை விலங்கை அதில் அழுத்தி, மாலை 7 மணி வாக்கில் ஜன்னலோரம் வையுங்கள். பக்கவாட்டில் மஞ்சள் பல்பைப் போட்டால் பொம்மையின் நிழல் நீலம் பாய்ந்து தெரியும். வயிற்றையும் குனிந்து பாருங்கள்: உப்பு கீழிருந்து வெளிச்சத்தை எறிந்திருக்கும். நரியின் வயிற்றிலும் அந்த நிழல் நீலத்தை லேசாகத் தடவுங்கள்.

பாதம் முழுதாகத் தெரிந்தால் நரி மிதக்கும். பாதத்தைப் பனியில் புதைத்து, ஒட்டினாற்போல் அடர்ந்த நிழல் கொடுங்கள். நடக்கும் நரி முன்கால் பதிந்த குழியிலேயே பின்காலை வைப்பதால் தடம் ஏறக்குறைய ஒற்றை வரிசையாக இருக்கும். முதுகு, வால் விளிம்புகளைப் பனி ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த தூரிகையால் உரோமத்தின் போக்கில் வெளியே இழுங்கள். ஒவ்வொரு மயிராக வரைந்தால் வால் துடைப்பமாகிவிடும்.

எண்ணெய் வண்ணம் ஈரம் ஆவியாகிக் காய்வதில்லை. ஆக்ஸிஜனை உறிஞ்சி இறுகுகிறது. டைட்டானியம் வெள்ளை மெதுவாகக் காயும் ரகம். சாஃப்ளவர் (குசும்பா) எண்ணெயில் அரைத்தது இன்னும் மெதுவு. சீக்கிரம் காயவைக்கும் ஆல்கைட் மீடியம் சிறிது கலந்து, மெல்லிய பூச்சாகப் போடுங்கள். மாற்றாக ஜிங்க் வெள்ளை வாங்காதீர்கள். காலப்போக்கில் விறைத்து வெடிக்கும். காயும்வரை படத்தை அலமாரிக்குள் வைக்கவும் வேண்டாம். இருட்டில், வண்ணத்திலுள்ள லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் மஞ்சளிக்கும். அது முதலில் தெரிவது பனியில்தான்.